பழைய ராணுவ லாரியில் 5,000 லிட்டர் டீசல் டேங்க்: சேசிஸ், எடை, அனுமதி, வெல்டிங் (விவாத இழை)

குலசேகரம்_ரப்பர்காடு:
பங்க் டீலர் பெயரிலேயே டீசலை இடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வண்டி தேவைப்படுகிறது. பேச்சிப்பாறை, கீரிப்பாறை பக்கத்து ரப்பர் தோட்டங்கள், நடுவில் சில கல் குவாரிகள். மழைக்காலத்தில் சாதாரண லாரி ஏறாத மண் பாதைகள். ராணுவம் கழித்த ஸ்டாலியன் 4×4 லாரி (நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி) ஒன்று ஏலப் பட்டியலில் இருக்கிறது. 5,000 லிட்டர் டேங்க் வைக்க முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்? பெட்ரோல் ஏற்றும் எண்ணம் இல்லை, டீசல் மட்டும்தான்.

பதிவேடு_74:
டேங்க் அளவைப் பற்றிப் பேசுமுன் காகிதத்தைப் பார்த்துவிடுங்கள் தம்பி. வண்டி ராணுவத்தில் இருக்கும்வரை அதன் பதிவு மோட்டார் வாகனச் சட்டம் 60ஆம் பிரிவின்கீழ் தனியாக நடக்கும். மேல் நோக்கிய அம்புக்குறி போட்ட நம்பர் பிளேட் அதனால்தான். பாதுகாப்புப் பணியிலிருந்து விலகியதும் மற்ற வண்டிகளைப் போலவே புதிதாகப் பதிவு செய்ய வேண்டும். ஏலம் எடுத்த ரசீது பதிவுச் சான்று ஆகாது.

ஏல நிபந்தனைகளை வரி வரியாகப் படியுங்கள். "உடைத்துப் பிரிக்க மட்டும்", "கழிவு இரும்பாக" என்ற தொனியில் ஒரு வரி இருந்தாலும் அந்த வண்டி சாலைக்கு வராது. எஞ்சின், அச்சு, கியர் பெட்டிக்காக எடுப்பவர்களுக்கானது அது.

அடுத்தது வயது. 15 ஆண்டு முடிந்த அரசு வாகனங்களின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் செல்லாது. நாட்டுப் பாதுகாப்புப் பணியில் ஓடும் சிறப்பு வாகனங்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த விலக்கு அவை செய்யும் பணிக்குத்தான். தோட்டத்துக்கு டீசல் கொண்டுபோகும் வண்டி அதைக் காட்ட முடியாது. மூன்றாவது, புகை விதி. 2020 ஏப்ரல் முதல் புதுப் பதிவு பாரத் ஸ்டேஜ் 6 (பி.எஸ். 6) வண்டிக்குத்தான். முன்பு ராணுவத்தில் பதிவான தேதியைக் காட்டும் கடிதம், விடுவிப்புச் சான்று இரண்டையும் வைத்து நாகர்கோவில் டி.என்.74 அல்லது மார்த்தாண்டம் டி.என்.75, உங்களுக்கு உரிய அலுவலகம் எதுவோ அங்கே மனு கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். வாய்ச் சொல்லை நம்பி முன்பணம் கட்ட வேண்டாம்.

சரக்குப் பெட்டியைக் கழற்றி டேங்க் ஏற்றுவது 52ஆம் பிரிவின்கீழ் வரும் மாற்றம். அதற்கும் முன்அனுமதி வேண்டும்.

முப்பந்தல்_காற்று:
அண்ணாச்சி சொன்னதோடு பெட்ரோலியம் சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1934 சட்டம், 2002 விதிகள். ஃபிளாஷ் பாயிண்ட் (ஆவி தீப்பிடிக்கத் தொடங்கும் குறைந்த வெப்பநிலை) 23 டிகிரிக்குக் கீழே இருந்தால் ஏ வகுப்பு, 23 முதல் 65க்குள் பி வகுப்பு. டீசல் பி வகுப்பு. டேங்க் லாரிக்கு பெசோ எனப்படும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும், படிவம் 11. தலைமையகம் நாக்பூரில், நமக்குத் தென் வட்ட அலுவலகம் சென்னையில்.

வரிசை முக்கியம். முதலில் வரைபடத்துக்கு ஒப்புதல், அதன்பிறகுதான் தகடு வெட்டுவது. கட்டி முடித்த டேங்கை அளந்து வரைபடம் போட்டுக் கொண்டுபோனால் ஏதாவது ஓர் இடத்தில் விதியோடு முட்டும், வெட்டித் திரும்பப் பற்றவைக்கச் சொல்வார்கள். பற்றவைத்த இடத்தை மறுபடி வெட்டினால் அந்த இடத்தின் பலம் போய்விடும்.

வரைபடத்தில் தப்பக் கூடாதவை: கேபின் பின்சுவருக்கும் டேங்க் முன்தட்டுக்கும் நடுவே குறைந்தது 15 செ.மீ. காற்றிடைவெளி. எஞ்சின், புகைக்குழாய், பேட்டரி, ஃபியூஸ் எல்லாவற்றையும் டேங்கிலிருந்து மறைக்கும் தீத்தடுப்புத் தடுப்பு. மின்சாரம் 24 வோல்ட்டுக்கு மேல் கூடாது. பேட்டரியை ஒட்டிக் கனமான கட்டாஃப் சுவிட்ச். புகைக்குழாய் முழுவதும் டேங்குக்கு முன்னால் முடிய வேண்டும், முனையில் தீப்பொறி தடுப்பான். 5,000 லிட்டருக்கு மேல் போனால் அறைகளாகப் பிரித்தே ஆக வேண்டும். 5,000க்குள் நின்றாலும் இரண்டு அறை போடுங்கள், காரணம் கீழே வரும்.

குலசேகரம்_ரப்பர்காடு:
நன்றி அண்ணாச்சி. 5 டன் வண்டி என்கிறார்கள், 5,000 லிட்டர் டீசல் 5 டன்னுக்குக் குறைவுதானே? எடை ஒத்துவரும் என்றுதான் நினைத்தேன்.

எடைமேடை_தோவாளை:
டீசல் மட்டும் ஒத்துவரும். டேங்கைக் கணக்கில் எடுங்கள்.

பி.எஸ். 6 டீசலின் அடர்த்தி லிட்டருக்கு 0.81 முதல் 0.845 கிலோ. நடுவில் 0.83 வைத்தால் 5,000 லிட்டர் 4,150 கிலோ. நீள்வட்ட டேங்க், அகலம் 1.9 மீ., உயரம் 1.1 மீ., நீளம் 3.2 மீ. என்றால் குறுக்குவெட்டு 1.64 சதுர மீட்டர், மொத்தக் கொள்ளளவு 5,250 லிட்டர். மேலே கொஞ்சம் வெற்றிடம் விட்டு 5,000 வரும். சுற்றுத் தகடு 15.4 சதுர மீட்டர், இரு முனைத் தட்டு, ஒரு நடுத்தடுப்பு, இரண்டு பேஃபிள் (அலையைத் தடுக்கும் குறுக்குத் தட்டு) சேர்த்தால் 23 சதுர மீட்டர். 4 மி.மீ. எம்.எஸ். (மென் எஃகு) தகடு சதுர மீட்டருக்கு 31.4 கிலோ. வெறும் தகடே 720 கிலோ. 5 மி.மீ. போட்டால் 900 கிலோ. தடிமனை முடிவு செய்வது ஒப்புதல் வரைபடம்தான், இது எடைக் கணக்குக்காக. சப்ஃபிரேம் (டேங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே வரும் துணைச் சட்டம்), மேன்ஹோல், வால்வு, பைப், நடைபாதை, ஹோஸ் பெட்டி எல்லாம் சேர்த்து 350 கிலோவுக்குக் குறையாது. ஆக 1,070 கிலோ டேங்க், 4,150 டீசல். 5,220 கிலோ.

ஸ்டாலியனை 5/7.5 டன் என்று எழுதுவார்கள். முதல் எண் காட்டுப் பாதைக்கு, இரண்டாவது எண் நல்ல சாலைக்கு. உங்கள் பாதை முதல் எண்ணின் பாதை. அதனால் 4,500 லிட்டரில் நிறுத்துங்கள்: டீசல் 3,735 கிலோ, டேங்கோடு 4,750க்குள் அடங்கும்.

பின்னச்சைத் தனியாகப் பாருங்கள். ராணுவ 4×4இல் பின்னால் பக்கத்துக்கு ஒற்றை டயர். 4 டயர் அச்சுக்குச் சட்ட வரம்பு 11.5 டன். 2 டயர் அச்சுக்கு அதைவிட வெகு குறைவு. வீல்பேஸ் (முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் உள்ள தூரம்) 4 மீட்டர் என்று வைத்து, டேங்கின் நடு பின்னச்சுக்கு 60 செ.மீ. முன்னால் வந்தால், 5,220 கிலோவில் 85 சதவீதம், அதாவது 4,440 கிலோ பின்னச்சில் உட்காரும். வெற்று வண்டியை எடை மேடையில் முன்னச்சு, பின்னச்சு என்று தனித்தனியே நிறுத்து, இதைக் கூட்டிப் பாருங்கள். ஏலத்துக்கு முன்னால் செய்ய முடிந்தால் நல்லது.

இன்னொன்று, பலரும் மறப்பது. டேங்க் அளவீடும் கசிவுச் சோதனையும் தண்ணீரில் நடக்கும். 5,000 லிட்டர் தண்ணீர் 5,000 கிலோ. டீசலைவிட 850 கிலோ கூட. அந்த நேரத்தில் லாரி சமதளத்தில் அசையாமல் நிற்கட்டும். தண்ணீரோடு ஓட்டிப் பார்க்கக் கூடாது.

முப்பந்தல்_காற்று:
இப்போது சேசிஸ். ராணுவ வண்டியில் டேங்க் வைப்பதில் பட்டறைக்காரர்கள் தோற்கும் இடம் இதுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வண்டிகளின் சேசிஸ் முறுக வேண்டும் என்றே செய்தது. ஒரு முன்சக்கரம் பாறையில் ஏறி, எதிர்மூலைப் பின்சக்கரம் குழியில் இறங்கும்போது இரண்டு நீளச் சட்டங்களும் ஒன்றுக்கொன்று திருகும், நான்கு சக்கரமும் தரையைப் பிடித்திருக்கும். மரப்பலகை போட்ட சரக்குப் பெட்டி அதோடு சேர்ந்து வளையும். டேங்க் வளையாது. அது மூடிய குழாய், திருகலுக்கு அதைவிட விறைப்பான உருவம் கிடையாது. விறைப்பான டேங்கை முறுகும் சட்டத்தில் 8 இடத்தில் இறுக்கிக் கட்டினால், முறுக்கு முழுவதும் முன்தாங்கியின் வெல்டிங் ஓரத்துக்குப் போகும். மயிரிழை போல ஒரு கோடு தெரியும், அதைச் சுற்றித் தூசி ஒட்டி ஈரமாகக் கறுக்கும். டீசல் கசிந்து தூசியைப் பிடிக்கிறது என்று அர்த்தம். அதைத் திரும்பப் பற்றவைத்தால் இரண்டு அங்குலம் தள்ளி அடுத்த விரிசல் வரும்.

அதனால் பிடிமானம் இப்படி இருக்கட்டும்:

பின்பக்கம், பின்னச்சுக்கு மேலே, இரு பக்கமும் ஷியர் பிளேட் (இணைப்புத் தகடு) போட்டுச் சட்டத்தின் நடுச்சுவரில் போல்ட். இதுதான் நிலையான பிடி. முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த பிடி: தாங்கியிலிருந்து நீண்ட போல்ட் கீழே இறங்கி, அடியில் கனமான சுருள் ஸ்பிரிங், நட். முறுக்கு வரும்போது முன்தாங்கி 15 முதல் 20 மி.மீ. வரை எழும்பி மறுபடி உட்காரும். நடுவில் பக்கவாட்டு அசைவைத் தடுக்கும் வழிகாட்டித் தகடு மட்டும், மேல்-கீழ் பிடி வேண்டாம்.

சேசிஸின் மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் துளை கூடாது, வெல்டிங்கும் கூடாது. துளை நடுச்சுவரில் மட்டும், ஏற்கெனவே இருக்கும் துளை கிடைத்தால் அதுவே சிறப்பு. யூ போல்ட் போடும் இடத்தில் சட்டத்தின் உள்ளே இரும்புக் குத்துக்கட்டை கொடுங்கள், இல்லாவிட்டால் இறுக்க இறுக்கப் பட்டை உள்வளையும். மரக்கட்டை வைத்தால் புகைக்குழாய்ச் சூட்டில் சுருங்கி யூ போல்ட் தளரும்.

தாங்கி நேராக டேங்க் தகட்டில் உட்காரக் கூடாது. நடுவில் அதே தடிமனில் ஒட்டுத்தகடு, மூலைகள் குறைந்தது 50 மி.மீ. ஆரத்தில் உருண்டையாக. கூர்மூலை விட்டால் விரிசல் அங்கேதான் பிறக்கும். ஒட்டுத்தகட்டின் அடியில் ஒரு சிறு துளை விடுங்கள், பற்றவைக்கும்போது உள்ளே அடைபட்ட காற்று வெளியேற.

சோதனை எளிது. காலி டேங்கோடு, ஒரு முன்சக்கரத்தை 25 செ.மீ. கட்டையில் ஏற்றுங்கள். முன்தாங்கியில் ஒரு பக்கம் இடைவெளி திறக்க வேண்டும். திறக்காமல் சக்கரம் தரையிலிருந்து தூக்கினால் உங்கள் பிடி விறைப்பு. 500 கி.மீ. ஓடிய பின் எல்லா நட்டுகளையும் மறுபடி இறுக்குங்கள். பெயிண்ட் கோடு போட்டு வைத்தால் தளர்ந்தது கண்ணுக்கே தெரியும்.

குளச்சல்_தங்கல்:
முப்பந்தல் அண்ணே, நட்டு, போல்ட் துத்தநாகப் பூச்சு போட்டதே எடுக்கச் சொல்லுங்கள். சின்னமுட்டம், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் எந்தத் துறைமுகப் பக்கம் போனாலும் உப்புக் காற்று ஒட்டுத்தகட்டின் இடுக்கில் புகுந்து உள்ளிருந்து தின்னும். ஆனால் டீசல் ஓடும் பைப்பில் துத்தநாகப் பூச்சு வேண்டாம். துத்தநாகமும் செம்பும் டீசலைச் சீக்கிரம் கெடுக்கும், பிசின் மாதிரிப் படிவு வந்து ஃபில்டரை அடைக்கும். பைப் கறுப்பு எம்.எஸ். அல்லது ஸ்டெயின்லெஸ், வால்வு அலுமினியமோ ஸ்டெயின்லெஸ்ஸோ.

டேங்கின் அடி பின்பக்கம் நோக்கி மீட்டருக்கு 1 செ.மீ. சரியட்டும், தாழ்ந்த முனையில் ஒரு சிறு கிண்ணம், அதில் வடிகால். ராத்திரி குளிரில் மேல்தகட்டின் உட்பக்கம் நீர் கோத்து வடியும். காலையில் ஏற்றுவதற்கு முன் அந்தக் கிண்ணத்தை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் வடித்துப் பாருங்கள். தண்ணீர் அடியில் தனியாக நிற்கும். தண்ணீருக்கும் டீசலுக்கும் நடுவே பழுப்பாகப் பாசி போலப் படலம் தெரிந்தால் கிருமி வளர்ந்திருக்கிறது, டேங்கைக் காலி செய்து கழுவ வேண்டும்.

குலசேகரம்_ரப்பர்காடு:
ஒரு யோசனை. புது டேங்க் கட்டாமல், பழைய டேங்கர் லாரியிலிருந்து கழற்றிய 5,000 லிட்டர் டேங்க் ஒன்று விலைக்கு இருக்கிறது. அதைச் சுருக்கி, தாங்கி மாற்றிப் பற்றவைத்தால் செலவு பாதியாகும். நெடுநாள் காலியாகக் கிடந்த டேங்க்தான், டீசல் டேங்க்.

முப்பந்தல்_காற்று:
தம்பி, வேண்டாம். காலியாகக் கிடந்த டீசல் டேங்க்தான் நிறைந்த டேங்கைவிட ஆபத்து. டீசல் தீக்குச்சிக்கு எளிதில் பிடிக்காது என்ற நம்பிக்கையில்தான் பட்டறைகளில் உயிர் போகிறது. நம் ஊர் டீசலுக்கு ஃபிளாஷ் பாயிண்ட் தர விதிப்படி குறைந்தது 35 டிகிரிதான். வெயிலில் நிற்கும் இரும்பு டேங்கின் மேல்தகடு அதைத் தாண்டிவிடும். பற்றவைப்புச் சூடு பட்ட இடம் பல நூறு டிகிரி. உள்ளே துருச் செதிலுக்கு அடியில் ஊறிப்போன எண்ணெய் அப்போதுதான் ஆவியாகும். காற்றில் 1 சதவீதம்கூட வேண்டாம், அதற்கும் கீழேயே டீசல் ஆவி வெடிக்கும் கலவையாகிவிடும். முகர்ந்து பார்த்து "வாசனை இல்லை" என்பது சோதனை ஆகாது.

எந்தக் காரணத்துக்காவது பழைய டேங்கில் தீ வேலை செய்தே ஆக வேண்டும் என்றால்: வண்டல் முழுவதும் வழித்து எடுத்து, மேன்ஹோல், வடிகால் எல்லாம் திறந்து, நீராவி விட்டு டேங்கின் வெளித்தகடு முழுவதும் கை வைக்க முடியாத சூடு ஆகும்வரை தொடர வேண்டும். பிறகு கழுவி, காற்று ஊதி, கருவியால் மேல், நடு, அடி, பேஃபிளுக்குப் பின்னால் என்று தனித்தனியே ஆவி அளக்க வேண்டும். எல்லா இடத்திலும் பூஜ்யம் காட்டிய பிறகுதான் வெல்டிங் ராட். வேலை நடக்கும்போதும் மறுபடி மறுபடி அளக்க வேண்டும், சூடு ஏற ஏறச் செதில் ஆவி விடும். உள்ளே ஆள் இறங்குவதாக இருந்தால் ஆக்சிஜனும் அளக்க வேண்டும். துருவே ஆக்சிஜனைக் குடித்துவிடும். வாசலில் ஓர் ஆள், கயிறு, இறங்குபவருக்கு இடுப்புப் பட்டை. இதெல்லாம் செய்யும் செலவில் புதுத் தகடு வாங்கிவிடலாம். பழைய டேங்கின் முத்திரையும் அளவீடும் உங்கள் வண்டிக்குச் செல்லவும் செல்லாது.

சோதனையிலும் ஒரு எச்சரிக்கை. புது டேங்குக்குத் தண்ணீர் நிரப்பித்தான் அழுத்தம் கொடுக்க வேண்டும், வரைபடத்தில் எழுதிய அழுத்தம் வரை. பட்டறைக் கம்ப்ரஸர் ஹோஸைச் செருகி சோப்பு நுரை பார்ப்பது வழக்கமாகிவிட்டது. கணக்கு இது: சதுர செ.மீ.க்கு 0.1 கிலோ, அதாவது மீட்டரில் முள் அசைந்ததா என்றே தெரியாத அளவு. முன்தட்டு 1.64 சதுர மீட்டர். அதன்மேல் தள்ளுவிசை 1,640 கிலோ. கம்ப்ரஸரில் இருப்பதோ 7 கிலோ அழுத்தம். அடைபட்ட காற்று ஸ்பிரிங் மாதிரி, தட்டு பிய்ந்தால் பறக்கும். தண்ணீர் என்றால் ஒழுகி நின்றுவிடும்.

தக்கலை_வயரிங்:
மின்சாரப் பக்கம். ராணுவ லாரியில் தேவையில்லாத வயர் நிறைய. இருட்டடிப்பு விளக்கு, பின்னச்சு நடுவில் எரியும் கான்வாய் விளக்கு, டிரெயிலருக்கான பல முனைச் சாக்கெட், ரேடியோவுக்குப் போட்ட இணைப்பு. இவை எல்லாம் சேசிஸ் உள்பக்கமாகப் பின்னோக்கி ஓடும், அதாவது உங்கள் வால்வுக்கும் பைப்புக்கும் பக்கத்தில். சுவிட்சை அணைத்தால் போதாது, வயரையே ஃபியூஸ் பெட்டியிலிருந்து உருவி எடுங்கள். வெட்டிவிட்டு டேப் சுற்றிய முனைதான் பிறகு உரசிப் பொறி விடும். பின்விளக்குக்குப் புது வயர், இரும்புக் குழாய்க்குள், நடுவில் எங்கும் ஒட்டு இல்லாமல்.

கட்டாஃப் சுவிட்ச் பேட்டரி பெட்டிக்கு வெளியே, கைக்கு எட்டுகிற இடத்தில். எஞ்சின் ஓடும்போது பேட்டரியை மட்டும் துண்டித்தால் ஆல்டர்னேட்டர் வோல்ட்டேஜ் எகிறி டையோடு போகும், எஞ்சினும் நிற்காது. இரட்டைத் தொடர்பு உள்ள சுவிட்ச் எடுத்து, இரண்டாவது தொடர்பில் ஆல்டர்னேட்டர் ஃபீல்டையும் எஞ்சின் நிறுத்தும் சோலினாய்டையும் சேர்த்துவிடுங்கள்.

சைலன்சரை முன்னால் திருப்பும்போது குழாய் விட்டத்தைக் குறைக்காதீர்கள். திருப்பம் கூடிக் குழாயும் சிறுத்தால் பின்னழுத்தம் ஏறி, மலை ஏற்றத்தில் எஞ்சின் சூடாகும். தீப்பொறி தடுப்பானில் கரி அடைத்தாலும் அதே கதி, மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள்.

குளச்சல்_தங்கல்:
நிலைமின்சாரம் பற்றி யாரும் எழுதவில்லையே. பி.எஸ். 6 டீசலில் கந்தகம் 10 பி.பி.எம். மட்டும். கந்தகத்தை நீக்கும்போது மின்சாரத்தைக் கடத்தும் தன்மையும் குறைந்துவிடுகிறது. பைப்பில் ஓடும்போது உண்டாகும் மின்னூட்டம் சீக்கிரம் இறங்காது.

நிரப்பும் குழாய் டேங்கின் அடியை ஒட்டி இறங்க வேண்டும். மேலிருந்து கொட்டினால் தெறிக்கும், தெறிப்பு மின்னூட்டத்தைக் கூட்டும். குழாய் முனை டீசலில் மூழ்கும்வரை வேகம் நொடிக்கு 1 மீட்டருக்குள். 80 மி.மீ. குழாயில் அது நிமிடத்துக்கு 300 லிட்டர், 65 மி.மீ. குழாயில் 200 லிட்டர். மூழ்கிய பிறகு கூட்டலாம். முதல் வேலை எர்த் கிளிப், கடைசி வேலை கிளிப் கழற்றுவது. கிளிப் கடிக்கும் இடத்தில் பெயிண்ட் இருக்கக் கூடாது, ஒரு செம்புப் பட்டையை டேங்கில் போல்ட் செய்து பளபளப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் பிடி, ரப்பர் பட்டை எல்லாம் போட்டதால் டேங்குக்கும் சேசிஸுக்கும் நடுவே தனியாகப் பின்னல் செம்புக் கம்பி கட்டுவது கட்டாயம். நிரப்பி முடித்ததும் டிப் ராடை (ஆழம் அளக்கும் கம்பி) உடனே விடாதீர்கள், சில நிமிடம் பொறுங்கள்.

பெட்ரோல் ஏற்றிய அறையில் அடுத்த நடை டீசல் ஏற்றுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவி டீசலில் கரைந்து, அதுவரை வெடிக்க முடியாத அளவு அடர்த்தியாக இருந்த கலவை வெடிக்கும் அளவுக்கு மெலியும். அதே நேரம் டீசல் மின்னூட்டத்தைக் கொண்டுவந்து சேர்க்கும். டீசல் மட்டும் என்று நீங்கள் சொன்னது நல்ல முடிவு, அதில் நிலையாக நில்லுங்கள்.

வென்ட் எனும் டேங்கின் காற்றுத் துவாரத்தைப் பற்றி ஒன்று. பெயிண்டர் ஒட்டிய டேப்பை எடுக்காமல் விட்டாலோ, குளவி கூடு கட்டினாலோ, நிமிடத்துக்கு 200 லிட்டர் இறக்கும்போது டேங்க் உள்வாங்கும். சதுர செ.மீ.க்கு 0.05 கிலோ வெற்றழுத்தம் போதும், முன்தட்டில் 820 கிலோ. நீள்வட்ட டேங்கின் தட்டையான மேல்பக்கம் முதலில் பள்ளமாகும். வென்ட்டில் குளவி புகாத நுண்வலை போட்டு வாரம் ஒருமுறை பாருங்கள்.

குலசேகரம்_ரப்பர்காடு:
இரண்டு அறை ஏன் என்று முப்பந்தல் அண்ணாச்சி பிறகு சொல்வதாகச் சொன்னார். உருண்டை டேங்க் கட்டுவது சுலபம் என்கிறார் பட்டறைக்காரர், நீள்வட்டம் அவசியமா?

எடைமேடை_தோவாளை:
இரண்டுக்கும் ஒரே பதில்: கவிழ்தல். ராணுவ லாரியின் சேசிஸ் உயரம் அதிகம். சேசிஸ் மேல்பட்டை தரையிலிருந்து 1,100 மி.மீ., சப்ஃபிரேம் 120 என்று வைப்போம். 1.1 மீ. உயர நீள்வட்ட டேங்கின் மையம் 1,770இல் வரும். அதே கொள்ளளவுள்ள உருண்டை டேங்கின் விட்டம் 1.45 மீ., மையம் 1,945. வண்டி 7 டன், அதன் சொந்த ஈர்ப்பு மையம் 1,000 என்றால், சரக்கோடு கூட்டு மையம் நீள்வட்டத்துக்கு 1,330, உருண்டைக்கு 1,405. இரு சக்கர இடைவெளியில் பாதி 950. இதைக் கூட்டு மையத்தால் வகுத்தால் 0.71, 0.68. பக்கவிசை எடையில் இந்தப் பங்கை எட்டினால் வண்டி கவிழும். கமான் பட்டை சாய்வும் டயர் வளைவும் இதில் கணிசமான பங்கைத் தின்றுவிடும்.

30 மீட்டர் ஆர வளைவில் 30 கி.மீ. வேகத்தில் பக்கவிசை எடையில் 0.24 பங்கு. 40 கி.மீ.யில் 0.42. பேச்சிப்பாறை பாதையில் இதைவிடச் சிறிய வளைவுகளும் உண்டு. பாதி டேங்க் டீசல் பக்கவாட்டில் ஏறி இறங்கும்போது இன்னும் கொஞ்சம் சேரும். நீளவாக்கு அலையை பேஃபிள் தடுக்கும் (தட்டின் 70 சதவீதமாவது மறைக்க வேண்டும், அடியில் வடியவும் மேலே காற்று போகவும் வழி விட்டு). பக்கவாட்டு அலையை பேஃபிள் தடுக்காது. அதனால்தான் இரண்டு அறை: முதலில் ஒன்றை முழுக்கக் காலி செய், மற்றது நிறைந்தே இருக்கட்டும். எப்போதும் ஒரே ஓர் அறைதான் அலைபாயும். காலி செய்யும் வரிசை பின்னறை முதலில். முன்னறையை முதலில் காலி செய்தால் பாரம் முழுவதும் பின்னச்சில் தங்கி, ஏற்றத்தில் ஸ்டியரிங் லேசாகிவிடும்.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் காலி டேங்கோடு போகும்போதுதான் வண்டி அதிகம் தள்ளும், நிறைந்திருக்கும்போது அல்ல. அந்தப் பக்கம் போனால் நினைவில் வையுங்கள்.

முப்பந்தல்_காற்று:
நிரப்பு வெற்றிடத்தையும் சொல்லிவிடுகிறேன். டீசல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.083 சதவீதம் விரியும். காலையில் 5,000 லிட்டர் ஏற்றி மதியம் 10 டிகிரி கூடினால் 41 லிட்டர் கூடுதல். மேன்ஹோல் கழுத்துவரை நிரப்பினால் அது வென்ட் வழியே சாலையில் ஒழுகும்.

பம்ப்: கியர் பெட்டியின் பி.டி.ஓ.விலிருந்து (எஞ்சின் விசையை வெளியே எடுக்கும் இணைப்பு) வேன் பம்ப். விஞ்சு இருந்த வண்டியில் பி.டி.ஓ. ஏற்கெனவே இருக்கும், ஆனால் சுற்று வேகம் பம்புக்கு ஒத்துவருகிறதா என்று டேக்கோமீட்டர் வைத்து அளந்த பிறகே இணையுங்கள். மீட்டருக்கு முன்னால் காற்றுப் பிரிப்பான் கட்டாயம், அறை காலியாகும் நேரத்தில் காற்றையும் லிட்டராக எண்ணிவிடும். மீட்டருக்கும் டேங்குக்கும் எடையளவுத் துறை முத்திரை. டேங்க் அடியில் உள்வால்வு, கேபிளால் தூரத்திலிருந்து மூட முடிகிற மாதிரி, சூட்டில் உருகும் இணைப்போடு. வெளிப்பைப் உடைந்தாலும் டீசல் உள்ளேயே நிற்கும்.

பதிவேடு_74:
வண்டி ஓடத் தொடங்கிய பின் வேண்டியவை: ஓட்டுநர் உரிமத்தில் அபாயச் சரக்கு ஒப்பம், 3 நாள் பயிற்சி. அவசரத் தகவல் பலகை இரு பக்கமும் பின்னாலும், டீசலின் ஐ.நா. எண் 1202. கேபினில் அவசரக் குறிப்பு அட்டை, ஓட்டுநர் வாசிக்கும் மொழியில். 1991 சட்டப்படி பொதுப் பொறுப்புக் காப்பீடு. 10 கிலோ உலர் பொடி அணைப்பான். விற்பனை 2005 கட்டுப்பாட்டு ஆணைப்படி டீலர் பெயரில் மட்டும்தான். களியக்காவிளை தாண்டிக் கேரளம் போவதாக இருந்தால் பெர்மிட் தனி.

பதிவு கிடைக்காமல் போனால் ஒரு மாற்று வழி. பி வகுப்பு மொத்தம் 2,500 லிட்டருக்குள், எந்தக் கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் இருந்தால் பெட்ரோலியம் சட்டம் 7ஆம் பிரிவுப்படி எடுத்துச்செல்ல உரிமம் வேண்டாம். 200 லிட்டர் பேரல் 12 என்றால் 2,400 லிட்டர், பேரல் ஒன்று இரும்போடு 185 கிலோ, மொத்தம் 2.2 டன். பதிவுள்ள சாதாரண 4×4 சிறு லாரியே தாங்கும். பேரலை நிறுத்தி, குறுக்குச் சட்டம் போட்டு, ராட்செட் பட்டையால் கட்டுங்கள். உருட்டி இறக்கப் பழைய டயர் ஒன்று கீழே. விற்பனை அனுமதிக்கு மட்டும் இதிலும் விலக்கு கிடையாது.

குலசேகரம்_ரப்பர்காடு:
எல்லாருக்கும் நன்றி. முன்பணம் கட்டவில்லை. பார்வை நாளில் போய்ச் சேசிஸ் எண் எடுத்து வந்து, விடுவிப்புக் கடித நகலோடு மனு கொடுக்கிறேன். பதில் வராமல் டேங்க் வரைபடத்துக்குப் பணம் கொடுக்கமாட்டேன். அளவும் 4,500 லிட்டர், நீள்வட்டம், இரண்டு அறை.

பதிவேடு_74:
சேசிஸ் எண்ணைக் கையால் எழுதி வராதீர்கள் தம்பி. கம்பிப் பிரஷ், கொஞ்சம் தின்னர், மெல்லிய வெள்ளைத் தாள், மென்மையான பென்சில் கொண்டுபோங்கள். பச்சைப் பெயிண்ட் பல அடுக்கு இருக்கும், எண் இருக்கும் இடத்தில் மட்டும் கரைத்துத் துடைத்து, தாளை ஒட்டிப் பென்சிலால் தேய்த்து இரண்டு படி எடுங்கள். உளியோ கிரைண்டரோ அந்த இடத்தில் படக் கூடாது, ஓர் எழுத்து சிதைந்தாலும் எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் வரும். எஞ்சின் எண்ணையும் அப்படியே எடுங்கள். ராணுவப் பணிமனையில் எஞ்சின் மாற்றிப் போட்டிருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகாது, அதை ஏலத்துக்கு முன்பே கேட்டுத் திருத்தி வாங்க வேண்டும்.